எரிமலை அடிவாரத்துப் பாலும் மண்ணில் மறைந்த உலோகமும்

பால் என்றதும் நம் இல்லங்களில் எழும் ஐயம் பெரும்பாலும் ஒன்றே. தண்ணீர் கலந்திருக்குமோ என்பதே அது. தில்லியானாலும் மும்பையானாலும் கொல்கத்தாவானாலும், சொந்த ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் குடும்பங்களில் பொழுது விடிந்ததும் முதலில் வந்து சேர்வது பாலும், அதனோடு ஒட்டிய இந்த ஐயமுமேயாகும். ஆனால் தண்ணீர் கலந்த பாலைக் கண் காட்டிக் கொடுத்துவிடும். கண் தவறினாலும் காப்பி காட்டிக் கொடுத்துவிடும். கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாதவை வேறு சில உண்டு. ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய கன உலோகங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, காய்ச்சினாலும் அவை போவதில்லை.

மேய்ச்சல் நிலத்திலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து மனிதனுக்கும் உலோகங்கள் செல்லும் வழியை நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் நாடுகளுள் ஒன்று நியூஸிலாந்து. எரிமலைகள் பல எழுந்த நாடு அது. உலகச் சந்தைக்கு வெண்ணெயும் பால்பொடியும் அனுப்பும் நாடும் அதுவே. எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் பால்மாடு வளர்த்தால் என்னென்ன நேரும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. அந்தப் பாடத்தை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாடு நமக்கு முற்றும் அந்நியமானதன்று. தில்லியில் வாழும் தமிழர் நோயுற்றால் நாடிச் செல்லும் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்கு 1952-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றது. கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூஸிலாந்து அரசு வழங்கிய பெருங்கொடையே அதனை இயல்வதாக்கிற்று. வெண்ணெய், கம்பளி, இறைச்சி ஆகியவற்றை விற்று வாழ்ந்த ஒரு சிறு நாட்டின் பொருள் அது. அந்நாட்டின் புல்வெளிகளுக்கும் நமக்கும் இப்படி ஒரு பழைய உறவு உண்டு.

மலையும் அதைச் சூழ்ந்த வட்டமும்

நியூஸிலாந்தின் வடதீவில் மேற்குக் கடற்கரையை ஒட்டித் தனித்து நிற்பது தரனாகி என்னும் எரிமலை. அதன் உயரம் 2,518 மீட்டர். கூம்பு வடிவம், உச்சியில் பனி. அது கடைசியாகக் கனன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. 1770-ஆம் ஆண்டில் அதைக் கடலிலிருந்து கண்ட மாலுமி குக், எக்மாண்ட் எனப் பெயரிட்டார். அந்த மண்ணின் மக்களாகிய மவோரியர் தம் முன்னோனாகவே கருதி வணங்கும் மலை அது. 2025-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், 'தரனாகி மௌங்கா' என்னும் பெயர் ஒன்றையே அதற்கு உரியதாக்கி, அம்மலையைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டது.

வானிலிருந்து எடுத்த படத்தில் இம்மலை காணும் கோலம் வியப்புக்குரியது. நடுவில் மலை, அதைச் சுற்றிக் காம்பஸ் கொண்டு வரைந்தாற்போலக் கரும்பச்சைக் காட்டு வட்டம், வட்டத்துக்கு வெளியே கடல்வரையில் இளம்பச்சைப் புல்வெளி. உச்சியிலிருந்து ஆறு மைல் வரையுள்ள காட்டை வெட்டலாகாது என்று 1881-ஆம் ஆண்டில் பிறந்த ஆணையே அந்தக் கோட்டை வரைந்தது. 1900-ஆம் ஆண்டில் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. கோட்டுக்கு அப்பாலிருந்த காடு முழுவதும் வெட்டவும் எரிக்கவும் பட்டுப் பால்பண்ணைகளாயிற்று. அந்நிலத்தின் பெரும்பகுதி மவோரியரிடமிருந்து 1860-களில் பறிமுதல் செய்யப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அங்கே பால்தொழில் வேரூன்றியதில் நம்போல் நாடு விட்டு நாடு வந்த ஒருவருக்கும் பங்குண்டு. சீனாவின் கான்டன் பகுதியிலிருந்து வந்த சூ சோங் என்னும் வணிகர், வெட்டுண்ட மரங்களில் முளைத்த காளானைக் குடியேறியவர்களிடம் ரொக்கம் கொடுத்து வாங்கிச் சீனாவுக்கு அனுப்பினார். கையில் காசே காணாத உழவர் பலருக்கு அந்தக் காளான் காசுதான் மாடு வாங்க உதவியது. அவரே 1887-ஆம் ஆண்டில் எல்தம் என்ற ஊரில் வெண்ணெய் ஆலை ஒன்றையும் நிறுவினார். இன்று அந்த வட்டாரத்திலுள்ள வாரெரோவா ஆலை உலகின் மிகப் பெரிய பால் ஆலைகளுள் ஒன்று. உழவர்களின் கூட்டுறவு நிறுவனமாகிய ஃபொன்டெராவுக்கு உரியது அது.

தரனாகிக்கு வடகிழக்கே வைக்காட்டோ என்னும் மற்றொரு பால்நாடு இருக்கிறது. அதன் மண்ணிலும் எரிமலைச் சாம்பலே மிகுதி. பஞ்சாபிலிருந்து சென்று அங்கே பால்பண்ணை நடத்தும் சீக்கியக் குடும்பங்கள் பல உண்டு. நியூஸிலாந்தின் முதல் குருத்துவாரா 1977-ஆம் ஆண்டில் எழுந்ததும் அந்த வட்டாரத்தில்தான்.

இல்லாமையால் வந்த நோய்

எரிமலை மண் என்றால் செழிப்பானது என்றே பொதுவாக நினைக்கிறோம். அது எப்போதும் உண்மையன்று. வடதீவின் நடுவிலுள்ள தாவ்போ எரிமலை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது, நுரைக்கல்லும் சாம்பலும் பரந்த நிலப்பரப்பை மூடின. பிற்காலத்தில் அங்கே குடியேறி மாடும் ஆடும் வளர்த்தவர்கள் விபரீதமான காட்சி ஒன்றைக் கண்டார்கள். முழங்கால் அளவு புல் நின்றது; அதை மேய்ந்த மாடுகளோ எலும்பும் தோலுமாய் மெலிந்து மாண்டன. 'காட்டு நோய்' என்று அதற்குப் பெயரிட்டனர். அந்த மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் சில வாரங்களில் தேறின. திரும்பக் கொண்டுவந்தால் மீண்டும் மெலிந்தன.

இரும்புச் சத்துக் குறைவே காரணம் என்று அறிஞர்கள் நெடுநாள் எண்ணினர். ஒருவகை இரும்புத் தாதுவைப் பொடித்துக் கொடுத்தபோது சில மாடுகள் பிழைக்கவும் செய்தன. ஆனால் தூய இரும்பைக் கொடுத்தால் பயனில்லை. 1935-ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் உண்மையைக் கண்டனர். மாட்டைப் பிழைக்க வைத்தது இரும்பன்று. அத்தாதுவில் கடுகளவு கலந்திருந்த கோபால்ட் என்னும் உலோகம். மாட்டின் முன்வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கோபால்டைக் கொண்டுதான் பி-12 என்னும் வைட்டமினை ஆக்குகின்றன. அந்த வைட்டமின் 1948-ஆம் ஆண்டில் பிரித்தெடுக்கப்பட்டபின் கதை முழுதும் விளங்கிற்று. உரத்தோடு ஏக்கருக்குச் சில அவுன்ஸ் கோபால்ட் உப்பைக் கலந்து தூவியதும், மாடு வாழாத நிலம் பால் சுரக்கும் நிலமாயிற்று.

கோபால்டும் கன உலோகங்களுள் ஒன்றே. அளவோடு இருந்தால் உயிர், இல்லாவிட்டால் சாவு, மிகுந்தாலும் கேடு. உலோகங்களைப் பற்றி நாம் பேசும்போது இந்த நியாயத்தை மறக்கலாகாது.

வெந்நீர் ஊற்றில் வந்த பாஷாணம்

எரிமலை நேராகவே நஞ்சைத் தரும் இடங்களும் அங்கே உண்டு. நிலத்தடியில் காய்ந்த நீர் பாறைகளைக் கரைத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றாக மேலே வரும்போது, ஆர்ஸனிக் எனப்படும் பாஷாணத்தையும் சிறிது பாதரசத்தையும் உடன் கொண்டு வருகிறது. வையோடாப்பு என்னும் வெந்நீர்ப் பள்ளத்தாக்கில் கால்நடைகள் நலிந்த காரணத்தைத் தேடியவர்கள், அங்குள்ள மண்ணிலும் நீரிலும் பாஷாணம் மிகுந்திருப்பதைக் கண்டு 1939-ஆம் ஆண்டில் ஆய்வு வெளியிட்டனர்.

இதே வட்டாரத்தில் நிலத்தடி நீராவியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் வைராக்கி நிலையம் 1958-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அத்துறையில் உலகுக்கே வழிகாட்டிய முயற்சி அது. ஆயினும் ஆவி பிரிந்தபின் எஞ்சிய நீர் வைக்காட்டோ ஆற்றில் விடப்பட்டது. இயற்கையாகவே ஊற்றுகளிலிருந்து பாஷாணம் கலந்து வந்த ஆற்றில் அதனால் பாஷாணத்தின் அளவு மேலும் கூடியது. ஆற்றங்கரை நகரங்கள் நீரைச் சுத்திகரித்தே குடிக்கத் தருகின்றன.

ஆயினும் இது வெளிப்படையான ஆபத்து. ஊற்று எங்கே இருக்கிறது என்பது தெரியும்; வேலி கட்டி மாட்டை விலக்கலாம்; நீரைச் சோதிக்கலாம். தரனாகியிலும் வைக்காட்டோவிலும் ஊற்று ஒன்றும் இல்லாத பசும்புல் வெளியில், யாரும் எதிர்பாராத வழியில், வேறோர் உலோகம் சேர்ந்துகொண்டிருந்தது.

தீவைத் தின்ற புல்வெளி

அந்த வழியை அறிய, மண்ணின் இயல்பைச் சற்று அறியவேண்டும். எரிமலைச் சாம்பல் மக்கி உருவாகும் மண்ணில் அல்லோபேன் என்னும் நுண்ணிய கனிமம் இருக்கிறது. அத்தகைய மண் இலேசானது, நீர் தேங்காது, வேர் எளிதில் ஓடும். ஆனால் ஒரு குறை உண்டு. பாஸ்பரஸ் சத்தை அது கஞ்சன் காசைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடித்துக்கொள்ளும், பயிருக்குக் கொடாது. இட்ட உரத்தை மண்ணே விழுங்கிவிடுவதால், மேலும் மேலும் இடவேண்டும்.

அந்நாட்டுப் புல்வெளியின் உயிர்நாடி க்ளோவர் என்னும் மூவிலைத் தீவனச் செடி. நம் பயறு, கொள்ளு இனத்தைச் சேர்ந்த அது, காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் சேர்த்துப் புல்லுக்கும் ஊட்டுகிறது. ஆனால் பாஸ்பரஸ் இன்றி அது செழிக்காது. ஆகவே பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து ஆக்கும் சூப்பர் பாஸ்பேட் உரம் நியூஸிலாந்துப் பால்தொழிலுக்கு இன்றியமையாததாயிற்று.

பாறை எங்கிருந்து வந்தது? 1899-ஆம் ஆண்டில் சிட்னி நகரத்து வணிக அலுவலகம் ஒன்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது. நவுருத் தீவிலிருந்து வந்த அந்தக் கல்லை, கல்லாகிப்போன மரம் என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். அங்கே பணியாற்றிய ஆல்பர்ட் எல்லிஸ் ஐயுற்றுச் சோதித்துப் பார்த்தார். அது உயர்தரப் பாஸ்பேட் பாறை. அவ்வளவுதான், நவுருவுக்கும் அதன் அண்டையிலுள்ள பனாபா தீவுக்கும் விதி மாறிவிட்டது. முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் கூடிப் பாஸ்பேட் ஆணையம் ஒன்றை அமைத்துக்கொண்டு அப்பாறையைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டன.

1949-ஆம் ஆண்டு தொடங்கி மலைச்சரிவுகளிலும் விமானம் கொண்டு உரம் தூவலாயினர். போரில் குண்டு வீசப் பழகிய விமானிகள் பலர் புல்வெளிக்கு உரம் வீசினர். புல் செழித்தது; பால் பெருகியது. மறுபுறம், நவுருவின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்டுக் கூரிய பாறைத் தூண்கள் மட்டும் எஞ்சின. பனாபா மக்கள் 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபிஜி நாட்டின் ராபித் தீவில் குடியமர்த்தப்பட்டனர். பிறந்த மண்ணே கப்பலேறிப் போய்ப் பிறர் வயலில் விழுவதைக் கண்ட மக்கள் உலகில் வேறெங்கும் இருப்பரோ, அறியோம். 1968-ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற நவுரு, பின்னர் உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1993-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா 10 கோடி டாலருக்கு மேல் ஈடு தர இசைந்தது; பிரிட்டனும் நியூஸிலாந்தும் அதில் பங்கேற்றன.

உரத்தோடு வந்த விருந்தாளி

தீவு மக்களின் துயரம் உலகுக்கு ஓரளவு தெரிந்தது. அப்பாறையோடு கூட வந்த வேறொரு பொருளை நெடுநாள் எவரும் கவனிக்கவில்லை. அதுவே காட்மியம். பாஸ்பேட் பாறை இருவகைப்படும். நெருப்பில் பிறந்தவை ஒருவகை. ருஷ்யாவின் கோலா, தென்னாப்பிரிக்காவின் பலபோர்வா ஆகிய இடங்களில் கிடைப்பவை அத்தகையன. அவற்றில் காட்மியம் மிகக் குறைவு. கடலிலும் பறவை எச்சத்திலும் பிறந்தவை மற்றொருவகை. அவற்றில்தான் காட்மியம் மிகுதி. நவுருப் பாறை இந்த இரண்டாவது வகை. எரிமலை நிலத்துக்குக் காட்மியம் கடலிலிருந்து வந்தது என்பது விந்தையான உண்மை.

எவ்வளவு வந்திருக்கும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 280 மில்லிகிராம் காட்மியம் உள்ள உரத்தை, ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 30 கிலோ பாஸ்பரஸ் கிடைக்கும்படி இடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு மண்ணில் சேரும் காட்மியம் 8.4 கிராம். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. ஆனால் சாம்பல் மண்ணின் மேற்பகுதி, 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஹெக்டேருக்கு ஏறத்தாழ 700 டன்தான். ஆகவே ஒரு கிலோ மண்ணில் ஆண்டுக்கு 0.012 மில்லிகிராம் ஏறுகிறது. அதில் பெரும்பங்கு தங்கிவிட்டால் நாற்பது ஆண்டில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் ஆகிவிடும். சிறு துளி பெருவெள்ளம் என்பது நன்மைக்கு மட்டும் பொருந்துவதன்று.

கணக்கு மெய்யென்பதை மண் சோதனைகள் காட்டின. நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளைத் தொகுத்தபோது, உரம் காணாத மண்ணில் கிலோவுக்கு 0.16 மில்லிகிராம் காட்மியம் இருந்தது. நாட்டின் பொதுச் சராசரி 0.35. வைக்காட்டோவில் 0.60, தரனாகியில் 0.66. பால்பண்ணை நிலங்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் சராசரி 0.73. எரிமலை மண்ணும் பால்தொழிலும் கூடிய இடத்தில்தான் காட்மியமும் கூடியிருந்தது.

காட்மியத்தை ஏன் அஞ்சவேண்டும்? உடலுக்கு அதனால் எவ்விதப் பயனும் இல்லை. உள்ளே புகுந்தது சிறுநீரகத்தில் தங்கி, பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். ஜப்பானில் தொயாமா மாவட்டத்தில், காமியோகா சுரங்கத்துக் கழிவு கலந்த ஜின்ஸூ ஆற்றுநீர் பாய்ந்து விளைந்த அரிசியை உண்டவர்கள், அதிலும் குழந்தைகள் பெற்ற தாய்மார்கள், எலும்பு நைந்து துடித்தனர். அவர்கள் "இதாய், இதாய்" என்று அரற்றியதே நோய்க்குப் பெயராயிற்று. "வலிக்கிறது, வலிக்கிறது" என்பது அதன் பொருள். 1968-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு அதைக் காட்மியத்தால் விளைந்த நோய் என ஏற்றுக்கொண்டது. நியூஸிலாந்தில் அத்தகைய நோய் தோன்றவில்லை. அங்குள்ள அளவும் அதற்கு ஒப்பிடத் தக்கதன்று. ஆனால் அப்படி நேராமல் காப்பதற்கே அளந்து பார்க்கிறார்கள்.

பாலில் வருகிறதா?

தாய்மார்களின் உள்ளத்தில் எழும் கேள்வி இதுவே. ஆறுதலான விடை உண்டு. பசுவின் மடி காட்மியத்தை மிக அரிதாகவே பாலுக்குள் விடுகிறது. புல்லோடும் மண்ணோடும் பசு உண்ட காட்மியத்தில் பெரும்பங்கு சாணத்தோடு போய்விடும். உடம்பில் சேர்வது ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். கன்றுக்கு ஊட்டும் பாலைத் தூயதாக வைத்துத் தன் உடலில் நஞ்சை வாங்கிக்கொள்ளும் இயற்கையின் ஏற்பாடு அது.

ஆகவே ஆபத்து பாலில் இருப்பதைக் காட்டிலும் இறைச்சிக் கடையில் குண்டிக்காய் என்று விற்கும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் இருந்தது. வயது ஏற ஏற அவற்றில் காட்மியமும் ஏறும். 1980-களில் நடந்த சோதனைகளில் வரம்பை மீறிய சிறுநீரகங்கள் கணிசமாகக் காணப்பட்டன. எனவே முப்பது மாதத்துக்கு மேற்பட்ட மாடு, ஆடுகளின் சிறுநீரகத்தை மனிதர் உணவாக விற்பதற்குத் தடை வந்தது. மக்கள் உண்ணும் உணவு வகைகளைத் தொகுத்துச் சோதித்ததில், சராசரி மனிதர் உட்கொள்ளும் காட்மியம் வரம்புக்கு உட்பட்டே இருப்பது தெரிந்தது.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. காட்மியத்துக்குப் பொருந்தும் விதி எல்லா உலோகத்துக்கும் பொருந்தாது. ஈயம் பாலில் ஓரளவு கலக்கக்கூடியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அதனால்தான் சர்வதேச உணவு நெறியில் பாலுக்கு ஈயத்தின் வரம்பு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என மிகக் குறைவாக வைக்கப்பட்டுள்ளது.

மருந்தும் உலோகமே

வைக்காட்டோவின் மண்ணில் கூடிவரும் மற்றோர் உலோகம் துத்தநாகம். இது வந்த கதை வேறு. வெயிலும் ஈரமும் கலந்த இலையுதிர் காலத்தில், காய்ந்த புல்லின் அடியில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்கிறது. அதன் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும். கெட்டபின் வெயில் பட்டாலே தோல் வெந்து உரியும். முகக்கரப்பான் என்று அதற்குப் பெயர்; மெய்யில் அது ஈரல் நோய்.

அதற்கு மாற்றைக் கண்டவர் தே அரோகா என்ற ஊரில் பண்ணை நடத்திய கிளாடிஸ் ரீட் என்னும் பெண்மணி. துத்தநாகம் கொடுத்தால் மாடுகள் தப்புகின்றன என்று அவர் சொன்னபோது ஆராய்ச்சி நிலையத்தார் எளிதில் நம்பவில்லை. அவர் விடவில்லை. பிறகு சோதனை செய்து பார்த்து, அவர் சொன்னதே உண்மையென ஏற்றனர். இன்று அந்நாட்டு மாடுகளுக்குக் குடிநீரிலும் மருந்திலும் துத்தநாகம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் மாடு உண்ட துத்தநாகத்தில் பெரும்பகுதி சாணமாக மண்ணுக்கே திரும்புகிறது. நோய்க்கு மருந்தானது, ஆண்டுகள் செல்லச் செல்ல மண்ணுக்குச் சுமையாகிறது.

அளந்தவர்கள் செய்தது என்ன?

உண்மை தெரிந்தபின் உழவரும் உர ஆலையாரும் அரசும் ஒன்றாக அமர்ந்து பேசினர். 1997-ஆம் ஆண்டுமுதல், ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 280 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் உள்ள உரத்தை விற்பதில்லை என்று ஆலையார் தாமாகவே வரம்பு கட்டிக்கொண்டனர். வெவ்வேறு நாட்டுப் பாறைகளைக் கலந்து அளவைக் குறைத்தனர். 2011-ஆம் ஆண்டில் வந்த திட்டம் நிலங்களைப் படிகளாகப் பிரித்தது. கிலோ மண்ணில் 0.6 மில்லிகிராமுக்கு உட்பட்டால் தடையில்லை. 0.6, 1.0, 1.4 என ஏறுந்தோறும் உரத்தின் வகையிலும் அளவிலும் கட்டுப்பாடு இறுகும். 1.8-ஐத் தாண்டினால் மேலும் காட்மியம் சேரவே விடக்கூடாது.

குறை சொல்வோரும் உண்டு. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2019-ஆம் ஆண்டில் இயற்றி 2022-இல் நடைமுறைப்படுத்திய விதியின் வரம்பு, நியூஸிலாந்து வரம்பில் ஏறத்தாழ பாதிதான். சட்டத்தின் கட்டாயம் இன்றித் தாமே கட்டிக்கொண்ட வரம்பு போதுமா என்று அவர்கள் கேட்பது நியாயமே.

மண் தானும் ஓரளவு துணை நிற்கிறது. பாஸ்பரஸைப் பயிருக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட அதே சாம்பல் மண், காட்மியத்தையும் மக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைத் தணித்தால் அந்தப் பிடி மேலும் இறுகும். ஆனால் புல்வெளியை உழுது கீரையும் உருளைக்கிழங்கும் கோதுமையும் பயிரிட்டால், அவை காட்மியத்தை மேலே இழுத்துவிடும். சிக்கரி போன்ற சில தீவனச் செடிகளும் புல்லைவிட மிகுதியாக அதை உறிஞ்சுகின்றன. பாட்டன் இட்ட உரம் பேரன் எதைப் பயிரிடலாம் என்பதை முடிவு செய்கிறது.

நம் நாட்டுக்கு இதில் என்ன?

நம் நாட்டில் இன்று கனலும் எரிமலை அந்தமான் கடலில் மனிதர் வாழாத பாரன் தீவு ஒன்றே. புணேயிலும் நாசிக்கிலும் வாழும் தமிழர் மிதிக்கும் கரிசல் மண் எரிமலைக் குழம்பிலிருந்து வந்ததுதான் எனினும், அக்குழம்பு பாய்ந்து ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. எனவே எரிமலைக்கு நாம் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் மேலே கண்ட கதையில் காட்மியத்தைக் கொண்டுவந்தது எரிமலையா? மலை மண்ணைத் தந்தது. அந்த மண்ணுக்கு உரத்தைத் தேடிக் கொண்டுவந்தவன் மனிதன். அந்த உரம் நம்மிடமும் உண்டு. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906-ஆம் ஆண்டில் எழுந்தது நம் இராணிப்பேட்டையில்தான்.

அதனினும் அண்மையில் இருப்பது நகரத்துக் கழிவுநீர். ஹைதராபாத்தில் மூசி ஆற்றின் இரு கரையிலும் நகரத்தின் கழிவுநீரைப் பாய்ச்சிப் பாராப்புல் வளர்த்து எருமைகளுக்குப் போடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பட்டறைகளும் ஆலைகளும் சூழ்ந்த நகரங்களின் ஓரங்களில் இத்தகைய புல்லும் கீரையும் விளைவது அரிதன்று. அந்தப் புல் பல ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை நிறுத்துங்கள் என்று கூறிவிடுவது எளிது. அவர்கள் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை. புல்லையும் நீரையும் பாலையும் காலந்தோறும் சோதித்து, முடிவை அம்மக்களுக்கும் பாலை வாங்கும் நமக்கும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்று கேட்பதுதான் முறை. கழிவுநீரில் உலோகத்தை விடும் பட்டறைக்காரரைத் தடுப்பது, புல் அறுப்பவரைத் தடுப்பதினும் நேரிய வழி.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் பாலைக் கண்டு மருளவேண்டாம். குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்துவதால் வரும் தீங்கு உறுதி. உலோகத்தின் தீங்கோ எங்கே, எவ்வளவு என்று அளந்து அறியவேண்டியது. நம் குடியிருப்புச் சங்கங்களும் மாதர் கழகங்களும் தமக்குப் பால் தரும் நிறுவனத்திடம், கொழுப்பு எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், ஈயமும் காட்மியமும் சோதிக்கப்படுகின்றனவா, கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்றும் எழுதிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் கடிதம் கோப்பில் தூங்கும். ஐம்பது குடும்பங்கள் கையொப்பமிட்டுக் கேட்டால் விடை வரும்.

தரனாகியின் அடிவாரத்தில் ஒரு கிலோ மண்ணில் காட்மியம் 0.16-இலிருந்து 0.66-க்கு ஏறியது ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் நடந்தது. ஏறியதை இறக்குவதற்கு அங்கே இன்றுவரை எளிய வழி கிடைக்கவில்லை. மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே அவர்களால் இயன்றது. நம் நகரங்களின் ஓரத்திலுள்ள நிலங்களில் அந்த எண் இன்று எவ்வளவு என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது, நம் பிள்ளைகளின் பொருட்டு நாம் செய்யக்கூடிய காரியம்.